வேலியும் வாயிலும்

அரண்மனை, அம்மன் கோயில், யூதர்களின் தொழுகைக்கூடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் இடம் உலகில் எத்தனை இருக்கும் என்று நாம் அறியோம். கொச்சியில், மட்டாஞ்சேரியில், ஒன்று இருக்கிறது. போர்த்துக்கேசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டி, வீரகேரளவர்ம மன்னருக்கு அளித்த அரண்மனை அது. பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதன் வளாகத்தில் பழையன்னூர் பகவதி எழுந்தருளியிருக்கிறாள். அரண்மனைக் கோயிலின் மதிலை அடுத்து, மன்னர் அளித்த நிலத்தில், 1568-இல் எழுந்தது பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம். அதன் மணிக்கூண்டு பதினெட்டாம் நூற்றாண்டில் ஏற்பட்டது. கூண்டின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்துக்கள். மற்றொன்றில் மலையாள எண்கள். இன்னொன்றில் ரோமானிய எண்கள். காலம் ஒன்றாயினும் அதைப் பார்க்கும் கண்கள் வெவ்வேறு என்பதைக் கட்டினோர் உணர்ந்திருந்தனர் போலும்.

நேயர்களே, இத்தகைய இடத்தைக் கண்டவுடன் சமய ஒற்றுமையைப் பற்றிச் சில நல்ல சொற்கள் கூறிவிட்டுப் படகேறுவது வழக்கம். அது பொய்யுமன்று. ஆயினும் நம் தொழில் மொழிபெயர்ப்பு. அரசாங்க விதிகளிலும் அறிக்கைகளிலும் எல்லை, வரம்பு, ஆட்சிப்பரப்பு, புறம்போக்கு என்ற சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பவர் நாம். ஆகவே, சுவரைக் கண்டால் அதன் வாயில் எங்கே, அதில் நுழைவோர் யார், நுழைந்தபின் அமர்வோர் யார், நிற்போர் யார் என்று கேட்கும் தீய பழக்கம் நமக்கு உண்டு.

இப்பழக்கத்தை நம்மிடம் வளர்த்தது, விந்தையாக, வடகோடி ஐரோப்பாவின் பழங்கதைகளே. நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து நாடுகளின் பண்டை மக்கள், நாம் வைக்கிங்குகள் என்று பொதுவாகச் சுட்டும் அக்கடலோடிகளின் இனத்தார், உலகையே ஒரு பண்ணை வீட்டைப்போல் எண்ணினர். அவர்கள் மொழியில் 'கார்த்' என்ற சொல்லுக்கு வேலி என்றும் பொருள். வேலிக்குள் அடங்கிய மனை என்றும் பொருள். மனிதர் வாழும் உலகம் 'மித்கார்த்', அதாவது நடுவேலி. அரக்கர் வாழும் அப்பாலை நிலம் 'உத்கார்த்', புறவேலி. சட்டம் என்பது வேலிக்கு உள்ளே உள்ளவர்க்கு. பெருங்குற்றம் செய்து ஊரால் விலக்கப்பட்டவனுக்குக் 'காட்டு மனிதன்' என்று பெயர். அவனை எவரும் கொல்லலாம். உயிருக்கு ஈடு கேட்பாரில்லை. அவனுக்குச் சோறிடுவதும் ஓடத்தில் இடம் தருவதும் குற்றம். வேலி என்பது வெறும் கழியும் கல்லும் அன்று. மனிதனை மனிதனாக்குவதே அது என்று அவர்கள் கருதியிருக்கின்றனர்.

நம் தமிழிலும் இதற்கு இணையான சொல் ஒன்று உண்டு. அது மட்டாஞ்சேரியின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேரி என்பது சேர்ந்து வாழும் இடம். சோழர் காலத்து உத்தரமேரூரில் பன்னிரண்டு சேரிகள் இருந்தன. அவை அந்தணர் ஊரின் பகுதிகளே. அதே சோழர் காலத்தில், இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுக்களில், 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. பிற்காலத்தில் அடைமொழி உதிர்ந்தது. அதன் பொருள் மட்டும் சேரி என்ற தனிச்சொல்லின்மேல் ஏறிக்கொண்டது. ஒரு சொல் இவ்வாறு இறங்கிப் போனதை எந்த அகராதியும் உரக்கச் சொல்வதில்லை.

மட்டாஞ்சேரியில் சேர்ந்து வாழ்ந்தவர் பலர். 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சிக்கு வாயில் திறந்தது என்பர். அதன்பின் வணிகம் இங்கே குடிபெயர்ந்தது. கோவாவிலிருந்து போர்த்துக்கேசியருக்கு அஞ்சி வந்த கொங்கணியர் சேர்லாயில் திருமலைக் கோயிலை எழுப்பினர். குசராத்தியரும் கச்சி மேமன்களும் கிட்டங்கிகள் கட்டினர். நம்மவரும் இல்லாமலில்லை. கோட்டைப் படைவீரரின் துணி வெளுக்க டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர் என்று தம் வரலாற்றைக் கூறும் வண்ணார் குடும்பங்கள், பக்கத்திலுள்ள வெளியில் இன்றும் துவைகற்களைக் காத்து வருகின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல், ஒரு தொட்டி. நாம் தமிழில் பேசியதும் அங்கிருந்த முதியவர் ஒருவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா எந்தப் பக்கம்?" என்று வினவினார். ஊரைக் கேட்டாரா, வேறெதையேனும் கேட்டாரா என்பது நமக்கு அக்கணம் விளங்கவில்லை. ஊரின் பெயரைச் சொன்னோம். அவர் அதற்குமேல் வினவவில்லை.

ஆட்சியின் எல்லையும் இந்தச் சிறு நிலத்தை அறுத்துச் சென்றது. ஆங்கிலேயர் 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய பின்னர், கொச்சிக் கோட்டைப் பகுதி ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது. அடுத்த தெருவான மட்டாஞ்சேரி கொச்சி மன்னருக்கு உரியது. ஒரு தெருவின் வழக்கு சென்னைக்குப் போகும். மறு தெருவின் வழக்கு மன்னரின் அரசாங்கத்துக்குப் போகும். 1967 நவம்பர் முதல் நாள் கொச்சி மாநகராட்சி அமைந்தபோதுதான் கோட்டை, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்றும் ஒரே நகராயின. இத்தகைய எல்லைகள் அழிவது எளிது. ஓர் அரசாணை போதும். நாமே மொழிபெயர்த்துவிடுவோம்.

அழியாத எல்லைகள் வேறு வகை. அவற்றுக்குள் செல்லுமுன் ஒரு செப்பேட்டைப் பார்ப்போம். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில், பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேரப் பெருமாள், முயிரிக்கோட்டில் இருந்தருளிய காலத்தில், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் உரிமையை வழங்கினார். வட்டெழுத்தில், தமிழோடு மிக நெருங்கிய மொழியில் பொறிக்கப்பட்ட அவ்வேடுகள் கொச்சி யூதர்களால் போற்றிக் காக்கப்பட்டவை. கொடுத்த உரிமைகள் எழுபத்திரண்டு. அவற்றுள் வரி வாங்கும் உரிமை இருக்கிறது. அது நமக்கு விளங்கும். ஆனால் பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு, காளம், தோரணம் ஆகியவையும் இருக்கின்றன. பகலில் விளக்கெரிப்பதும் குடை பிடித்து நடப்பதும் மன்னன் ஒருவனுக்கு எழுதித் தரவேண்டிய உரிமைகளா என்று இன்று வியப்போம். அன்று அவைதாம் எல்லைக்கற்கள். குடை பிடிக்க உரிமை பெற்றவர் நடக்கும் தெருவில், குடை மடக்கி ஒதுங்கவேண்டியவரும் நடந்தார் என்பதை அச்செப்பேடு சொல்லாமற் சொல்கிறது.

இனி யூதத் தெருவுக்கு வருவோம். அரண்மனையை ஒட்டிய வடபகுதியில் வாழ்ந்தவர் பரதேசி யூதர். தமிழில் பரதேசி என்றால் திருவோட்டை நினைக்கிறோம். அங்கோ அச்சொல் வேற்று நாட்டவர் என்ற நேர்ப்பொருளில் நிற்கிறது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவரின் வழியினரும் பிற நாடுகளிலிருந்து வந்தோரும் அவர்கள். அதே தெருவின் தென்பகுதியில், அவர்களுக்குப் பன்னூறாண்டு முன்பே மலையாள மண்ணில் வேரூன்றிய மலபாரி யூதர் வாழ்ந்தனர். முன்னவரை வெள்ளை யூதர் என்றும் பின்னவரைக் கறுப்பு யூதர் என்றும் ஊரார் அழைத்தனர். ஒரே மறை, ஒரே ஓய்வுநாள், ஒரே தெரு. ஆனால் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஒரு வினா கடல் கடந்து சென்றது. கெய்ரோவில் இருந்த பேரறிஞர் தாவீது இப்னு சிம்ராவுக்கு எழுதிய வினா அது. கொச்சியில் ஏறத்தாழ 900 யூதக் குடும்பத் தலைவர்கள் உளர்; அவருள் 100 பேர் தம்மையே குலமுடையவர் என்று கூறிக்கொண்டு, ஏனையோரை அடிமை வழியினர் என இழித்து, மணவுறவு மறுக்கின்றனர்; இது முறையா? முறையான புனித நீராட்டுச் செய்தபின் அவர்களோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என்று விடை வந்தது. விடை தெளிவானது, கேட்டவர் பெருமதிப்பு வைத்திருந்த வாயிலிருந்து வந்தது. அதன்படி ஒழுக நானூறு ஆண்டு ஆயிற்று. சமய நூல் அனுமதித்ததைச் சமூகம் அனுமதிக்காத கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டா. ஆனால் நம் நாட்டுக்கு வந்த பிறகு அது மிக நன்றாகக் கற்றுக்கொள்ளப்பட்டது என்று மட்டும் சொல்லலாம்.

பரதேசியரைச் சார்ந்தே இன்னொரு சிறு கூட்டம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்தம் வழியினரும். எபிரேய மொழியில் அவர்களுக்கு 'மெசுக்ராரிம்', விடுவிக்கப்பட்டோர், என்று பெயர். விடுவித்துப் பல தலைமுறை ஆன பின்னும் அப்பெயர் அவர்களை விடுவிக்கவில்லை. தொழுகைக்கூடத்தின் ஆசனங்களில் அமர அவர்களுக்கு உரிமை இல்லை. முன்கூடத்தில், தரையில் அமரவேண்டும். மறைச்சுருளை வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள். இடுகாட்டிலும் இடம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுள் ஒரு பகுதியினர் கோட்டைப் பகுதிக்குப் பெயர்ந்து தனி வழிபாடு நடத்த முயன்றனர், அம்முயற்சி நிலைக்கவில்லை.

இங்கேதான் வடநாட்டாரின் பழஞ்சட்டங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. நார்வேயின் குலத்திங் சட்டத்தில், அடிமை விடுதலை பெறுவதற்கு 'விடுதலை மது' என்ற விருந்து ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. விடுதலை பெறுபவன் மது வடித்து, ஆட்டுக்கடா ஒன்றை அறுக்கவேண்டும். கடாவின் தலையைச் சுதந்திரன் ஒருவன் வெட்டவேண்டும். கழுத்து மீட்பின் விலையை ஆண்டான் அக்கடாவின் கழுத்திலிருந்து எடுத்துக்கொள்வான். இவ்வளவு சடங்கும் முடிந்து வெளிவந்தவன் சுதந்திரனா? இல்லை, விடுதலை பெற்றவன். அது வேறு தகுதி. தென்கிழக்கு நார்வேயின் போர்கார்த்திங் கிறித்துவச் சட்டம் கல்லறையில்கூட இதனை மறக்கவில்லை. பெருநிலக்கிழார் மாதாகோயிலின் இறவாரத்தை ஒட்டி; அடுத்துக் குடிவழி நிலமுடையோர்; அடுத்து விடுதலை பெற்றோர்; மதிலோரமாக அடிமைகள். கடல் ஒதுக்கிய அறியாப் பிணங்களுக்கும் மதிலோரமே. இதனைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். நெல்லைச் சீமையில் நாம் பிறந்த ஊரில் இரண்டு சுடுகாடுகள். ஒன்றுக்குத் தார்ச்சாலை, மற்றொன்றுக்கு வயல் வரப்பு. மழைக்காலத்தில் அவ்வரப்பின்மேல் பாடை தள்ளாடிப் போவதை நம் வீட்டுத் திண்ணையில் இருந்து கண்டிருக்கிறோம். கண்டிருக்கிறோம் என்பதே அன்றி, கேட்டதில்லை.

கேட்டவர் ஒருவர் யூதத் தெருவில் பிறந்தார். ஆபிரகாம் பராக் சேலம் என்பது அவர் பெயர். நம் சேலம் மாநகரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. 1882-இல் விடுவிக்கப்பட்டோர் மரபில் பிறந்து, சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் பயின்று, கொச்சியில் வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1929-இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்றார். சட்டமன்றத்தில் ஆசனம் உண்டு. தம் சொந்தத் தெய்வத்தின் கூடத்தில் ஆசனம் இல்லை! அந்த நிலையை அவர் காந்தியடிகளின் வழியிலேயே எதிர்த்தார். ஊரார் அவரை யூத காந்தி என்றனர். அவர் கோரியது பணமன்று, பதவியன்று. ஒரு மரப்பலகையில் அமர்வதும், தம் மறையைத் தாம் வாசிப்பதும். நாற்பதுகளுக்குள் அத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

ஆசனம் கிடைத்தபின்னும் மணவறை எஞ்சியிருந்தது. 1950-இல் சேலத்தின் மகனும் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணொருத்தியும் மணம்புரிந்துகொண்டனர். மணம் நடந்தது மட்டாஞ்சேரியில் அன்று, பம்பாயில். கெய்ரோவிலிருந்து விடை வந்து நானூறு ஆண்டு கழிந்திருந்தது. தெருவை, பள்ளியை, கோயிலைத் திறப்பது ஓரளவு எளிது, அவை பொதுவிடங்கள். வீட்டின் அடுக்களையும் மணவறையும் கடைசி வேலிகள் என்பது நம் கருத்து. ஊரறிந்த சீர்திருத்தவாதிகள் பலர் இவ்வேலியருகே வந்ததும் செருப்பைத் தேடத் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

அவ்வடநாட்டாரின் கதையொன்றில் இதே வழக்கு வருகிறது. ஐஸ்லாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எகிலின் கதை அது. எகில் தன் மனைவியின் தந்தைவழிச் சொத்தைக் கேட்டுக் குலத்திங் மன்றில் வழக்குரைக்கிறான். எதிரி மறுக்கிறான்: அவள் தாய் முறைப்படி மணம் பெற்றவளல்லள்; ஆகவே இவள் அடிமைப் பெண்ணின் மகள்; உரிமை இல்லை. மன்றம் என்றால் கட்டடமன்று. சமவெளியில் ஹேசல் மரக் கழிகளை வட்டமாக நட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருப்பார்கள். புனிதக் கட்டு என்று அக்கயிற்றுக்குப் பெயர். உள்ளே மும்முறை பன்னிரண்டு, முப்பத்தாறு நடுவர். வழக்குச் சாட்சிகளை நோக்கித் திரும்பும் வேளையில், அரசியின் ஆட்கள் ஓடிவந்து கயிற்றை வெட்டிக் கழிகளை ஒடித்துவிடுகின்றனர். மன்று கலைகிறது. ஒரு மெல்லிய கயிறு நீதியைத் தாங்கி நின்றது. அதுவும் அறுந்தபின் எகிலுக்குக் கடல் ஒன்றே வழியாயிற்று.

கொச்சியிலும் கடல் ஒருமுறை வழியாயிற்று. மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் எர்ணாகுளம். புலயர் மக்கள் ஒன்றுகூடித் தம் குறைகளைப் பேச விழைந்தபோது, கால் வைக்க ஒரு சாண் நிலம் கொடுப்பாரில்லை. பொதுத் தெருவில் நடப்பதே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம். 1913-இல் அவர்கள் வள்ளங்களைக் காயல் நடுவே கொண்டுபோய், ஒன்றோடொன்று பிணைத்து, பலகை பரப்பி, நீரின்மேல் மாநாடு கூட்டினர். பண்டிதர் கே. பி. கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் அதற்கு முன்னின்றனர். வடமொழிப் புலவரும் 'ஜாதிக்கும்மி'யின் ஆசிரியருமான கருப்பன் மீனவக் குடியில் பிறந்தவர். காயல் யாருடையது என்பது அவருக்குத் தெரியாதா? மண்ணெல்லாம் எவருக்கோ உரியது, நீர் எவருக்கும் உரியதன்று என்ற சட்டநுணுக்கத்தை ஒரு வழக்கறிஞர் கண்டிருந்தால் வாதமாகப் போயிருக்கும். இவர்கள் கண்டதனால் அது மாநாடாயிற்று. வைக்கிங்குகள் தம் இருவர் போரை ஊருக்குப் புறம்பான தீவுத்திடலில் நிகழ்த்தினர் என்பதும் ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் எல்லையைக் கழி நட்டுக் குறிப்பர். அதற்கு வெளியே கால் வைத்தவன் பின்வாங்கியவன். எங்கள் காயலில் கழி நடவில்லை, பின்வாங்கவுமில்லை. கொச்சி அரசின் கோயில்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டது 1947-இல்.

'எங்கள் காயல்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டோம். சில நாள் தங்கியவருக்கும் அவ்வூர் அவ்வுரிமையைத் தந்துவிடுகிறது.

எஞ்சியது யூதத் தெருவின் பிற்கதை. இஸ்ரேல் அமைந்தபின், 1950-களின் நடுப்பகுதிக்குள், மலபாரி யூதருள் பெரும்பாலோர் கப்பலேறினர். அவர்கள் புறப்பாட்டுக்குப் பெரிதும் உதவியவர் சேலமே. தாம் போகவில்லை. 1967-இல் கொச்சியிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டில் பரதேசிக் கூடத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. தெருவின் தென்பகுதியில் மலபாரியர் விட்டுச்சென்ற கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரச்செதுக்கு வேலைப்பாடுகள் இன்று ஜெருசலேம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே நின்ற வெறுஞ்சுவர் 2019-ஆம் ஆண்டு மழையில் சரிந்தது. வடபகுதியில் சுவர் இருக்கிறது; ஆட்கள் இல்லை. பொது வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பதின்மர் வேண்டும் என்பது யூத மரபு. ஒரு காலத்தில் எத்தனையோ பேரை அமரவிடாமல் நிறுத்திய கூடத்தில், இன்று அப்பதின்மரைச் சேர்க்க அயல்நாட்டுப் பயணிகளுள் யூதர் எவரேனும் உளரோ என்று எதிர்பார்க்கவேண்டியிருக்கிறது.

கூடத்துக்குச் செல்லும் சாலைக்குச் சேலத்தின் பெயரை இட்டிருக்கிறார்கள். அதன் வழியே நாம் சென்றபோது பிற்பகல். வாயிலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். யூதர்களும் அங்கே அவ்வாறே செய்வர், அது மலையாள மண்ணின் வழக்கம். முன்கூடத்தைக் கடந்தோம். சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் காலடியில் குளிர்ந்தன. மேலே கண்ணாடி விளக்குகள் தொங்கின. சுவரோரத்து மரப்பலகையில் எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம் களைத்து உட்கார்ந்திருந்தது. குழந்தை ஒன்று கால் நீட்டிப் படுத்தேவிட்டது. பக்கத்தில் இடமிருந்தது. நாமும் சற்று அமர்ந்தோம். எழுந்திரு என்று எவரும் கூறவில்லை.